சரியா வந்துச்சா?

இருபது வருஷத்துக்கும் மேலாக எனக்கு ஒரு விஷயம் பிடிபடாமலே இருந்தது. ஒரு பெண் என்னைப் பார்த்து மூன்று வார்த்தை சொன்னாள். அது எனக்குச் சொன்ன பதிலா, இல்லை மோடத்தைச் சோதித்துச் சோதித்து அவள் நாக்கில் ஒட்டிக்கொண்ட பழக்கமா? என் மனைவியிடம்கூடக் கேட்டுப் பார்த்துவிட்டேன். "எதுவா இருந்தா என்ன, அவங்க தப்பிச்சாங்க" என்றாள். அதைத் தப்பான பதில் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் ஆபீசிலேயே பெயர்கள் புழங்கவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் மோடம் ரிப்பேர் செய்கிற கம்பெனி. முதலாளி எல்லோருக்கும் பாய். டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்ளெய்ன்ட் எழுதிக்கொள்கிற நான் டெஸ்க். ஜன்னலோரம் நீள மேஜையில் மோடங்களைச் சோதிக்கிற அவள் பெஞ்ச். "டெஸ்க், பெஞ்ச்சுக்கு ஃபோன்" என்று பாய் கத்தினால், புதிதாக வருகிறவர்கள் இங்கே மேஜை நாற்காலி வியாபாரம் நடக்கிறது என்று நினைப்பார்கள். நேரில் நான் அவளை 'நீங்க' என்றுதான் பேசினேன். நினைப்பில் மட்டும்தான் 'அவள்'.

அப்போது இன்டர்நெட் டெலிபோன் ஒயர் வழியாக வரும். ஒயருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, முகத்தில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள், நம்பர் போட்டதும் கீச்சென்றும் கரகரவென்றும் கத்தும். அதுதான் மோடம். இணைப்பு கிடைக்கவில்லை என்றால் குற்றவாளி மூன்று பேரில் ஒருவர்: நம் மோடம், நடுவில் ஓடுகிற லைன், அந்தப் பக்கத்து மோடம். யாரென்று கண்டுபிடிக்க அவள் செய்ததற்குப் பெயர் லூப்பேக். கீபோர்டில் ஒரு கட்டளை தட்டினால் மோடம் தெருக்கதவைச் சாத்திக்கொண்டு, நாம் அனுப்பியதை நமக்கே திருப்பித் தரும். அனுப்பியது அப்படியே வந்தால் நம் பெட்டி சரி. இன்னொரு கட்டளைக்கு, எழுத்து லைன் முழுக்க ஓடி எதிர்ப்பக்கத்து மோடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். வந்தால் லைனும் சரி. முதலாவதைப் பக்கத்துச் சுத்து என்பாள், இரண்டாவதைத் தூரத்துச் சுத்து என்பாள். தூரத்துச் சுத்திலும் அந்தப் பக்கம் உட்கார்ந்து யாரும் படிப்பதில்லை. வந்த வழியே அந்த மோடமே திருப்பிவிடும், அவ்வளவுதான்.

சோதனைக்கு எதையாவது அடித்து அனுப்ப வேண்டுமே. அவள் அன்றைக்குத் தன் டிபன் பாக்ஸில் இருப்பதை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பாள். 'வத்தக்குழம்பு சுட்ட அப்பளம்' திரையிலிருந்து போகும், 'வத்தக்குழம்பு சுட்ட அப்பளம்' திரும்பி வரும். பதினொரு மணிக்கே அவள் வீட்டுச் சமையல் எங்களுக்குத் தெரிந்துவிடும். ஒருதடவை அப்பளத்தில் ஒரு எழுத்து விழுந்துபோய் வந்தது. அந்த மோடத்தை ஒரு வாரம் அவள் வெளியே விடவில்லை. கஸ்டமர் தினமும் எனக்கு ஃபோன் செய்து திட்டினார். "ஒரு எழுத்துதானேங்க" என்று நான் கேட்டதற்கு, "உங்க பேர்ல ஒரு எழுத்து போனா பரவால்லையா?" என்றாள்.

அது பெஞ்ச்சோடு நின்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவள் மனிதர்களையும் அப்படித்தான் சோதித்தாள். நாம் ஒன்று சொன்னால், சொன்னதைச் சொன்னபடி, நம் வார்த்தையிலேயே, ஏற்ற இறக்கம் இல்லாமல் திருப்பிச் சொல்வாள். பிறகு நம் முகத்தைப் பார்த்து, "சரியா வந்துச்சா?" என்பாள். நாம் "கரெக்ட்" என்றால்தான் அடுத்த பேச்சு. அவள் ஒன்று சொன்னால் நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நகர மாட்டாள்.

கீழே டீக்கடை மாஸ்டர் மேலே வந்து ஆர்டர் எடுப்பார். "ரெண்டு சர்க்கரை கம்மி, ஒண்ணு சர்க்கரையே இல்லாம, பாய்க்கு லைட்டா, எனக்கு சுக்குக் காப்பி. திருப்பிச் சொல்லுங்கண்ணா" என்பாள்.

"இன்னாக்கா, டெய்லி எனக்குப் பரிச்சை வெக்கிற?" என்று அவர் தலையைச் சொறிவார். "நானு கடைல அம்பது பேருக்குப் போட்டுகினு கீறேன். ஒருத்தனும் திருப்பிச் சொல்லுன்னு கேக்கல."

"அவங்களுக்கு எது வந்தாலும் குடிச்சிருவாங்கண்ணா. சொல்லுங்க."

அவர் சொல்வார். நடுவில் சுக்குக் காப்பியை விட்டுவிடுவார். மறுபடி முதலிலிருந்து. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த மனிதர் எங்கள் மாடிக்கு ஒருநாளும் தப்பான டீ கொண்டுவந்ததில்லை.

பாய் நல்ல மனிதர், கோபம் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வரும். ஒருநாள் மேடவாக்கத்திலிருந்து ஒரு டிராவல்ஸ்காரர் தன் மோடம் நாலு நாளாக பெஞ்ச்சிலேயே கிடக்கிறது என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். பாய் நேரே ஜன்னலோரம் போனார். "ஒரே பேஜாரா கீது உன்னோட! வேலை பாக்க இஷ்டம் இல்லன்னா வூட்டுக்குப் போ! இன்னா நெனச்சுகினு கீறே மனசுல, நீதான் இந்தக் கம்பெனிக்கு ஓனரா?"

அவள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். நின்றாள். செய்தி வாசிப்பதுபோலச் சொன்னாள்: "ஒரே பேஜாரா கீது உன்னோட. வேலை பாக்க இஷ்டம் இல்லன்னா வூட்டுக்குப் போ. இன்னா நெனச்சுகினு கீறே மனசுல, நீதான் இந்தக் கம்பெனிக்கு ஓனரா. சரியா வந்துச்சா பாய்?"

பாய் முழித்தார். "நானு அப்டியா சொன்னேன்?"

"அப்படியே."

"வூட்டுக்குப் போன்னா சொன்னேன்?"

"ரெண்டாவதா சொன்னீங்க."

பாய் தாடியைத் தடவினார். "அத்த மட்டும் அழிச்சிடும்மா" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். நாங்கள் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தோம். அவள் சிரிக்கவில்லை. அவள் கிண்டல் செய்யவில்லை என்பதுதான் விஷயம். பாய் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பாய்க்குத் தெரிய வேண்டும், அது அவள் கடமை என்று நினைத்தாள். இப்படிப்பட்டவளை என்னவென்று சொல்வது? நல்லவளா, அழுத்தக்காரியா, விவரம் இல்லாதவளா? நான் மாற்றி மாற்றி மூன்றும் நினைத்திருக்கிறேன்.

என் கதையே வேறு. மணி அடித்து ஓய்வதற்குள் ரிசீவர் என் காதில் இருக்கும். எதிராளி பேசி முடிப்பதற்குள் பதில் என் வாயில் இருக்கும். "லைன் ஃபால்ட்டு சார், டெலிபோன் ஆபீஸ்ல ஒரு கம்ப்ளெய்ன்ட் கொடுத்துடுங்க." டிக். அடுத்தது. எழுதிய கால் மணி நேரத்தில் முடிந்தது என்று டிக் போட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். யாராவது பேச்சுக்கு நடுவில் ஒரு நொடி நிறுத்தினால் எனக்குத் தாங்காது. அந்த இடத்தில் எதையாவது போட்டு நிரப்பிவிடுவேன்.

அந்த அவசரத்தில்தான் ஒருநாள் நான் என்னோடு சண்டை போட்டேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு நேராக டயல் செய்து பேசிப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கென்று ஒரு புரோகிராம் உண்டு. திரை இரண்டாகப் பிரியும், கீழே நாம் அடிப்பது, மேலே அவர்கள் அடிப்பது. அவள் சாப்பிடப் போயிருந்தாள். பெஞ்ச்சில் இருந்த மோடம் பக்கத்துச் சுத்தில் இருப்பது எனக்குத் தெரியாது. இணைப்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். 'யார் பேசுறது?' என்று அடித்தேன். மேலே 'யார் பேசுறது?' என்று வந்தது. நான் யாரென்று சொன்னேன். அதையே அவனும் சொன்னான். 'விளையாடாதே' என்றேன். 'விளையாடாதே' என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. 'உங்க மேனேஜரைக் கூப்பிடு' என்று அடித்தேன். அவன் என் மேனேஜரைக் கூப்பிடச் சொன்னான். கடைசியில் எழுதக்கூடாத ஒரு வார்த்தையை எழுதினேன். அது என் மேலேயே வந்து விழுந்தது.

பின்னால் மோர் வாசனை. டிபன் பாக்ஸோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. திரையை மேலிருந்து கீழே வரை வாசித்தாள்.

"மோடம் நல்லா இருக்கு" என்றாள். "ஒரு எழுத்துகூட விழல."

அன்றைக்குத்தான் அவள் சிரித்து நான் முதலில் பார்த்தேன். அதிலிருந்து எனக்குத் தொந்தரவு ஆரம்பித்தது.

சிட்லபாக்கத்து வீட்டுக்குப் போய்வந்ததைச் சொல்ல வேண்டும். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு ரிட்டையர்டு ரயில்வே கணக்கர். ஜாம்ஷெட்பூரில் இருக்கிற பழைய சிநேகிதரோடு ஈமெயிலில் செஸ் ஆடுகிறவர். இவர் ஒரு காய் நகர்த்தி மெயில் போடுவார், அவர் மறுநாள் பதில் நகர்த்துவார். இருபது நாளாகப் பதில் இல்லை, மோடம் கெட்டுவிட்டது என்று என்னிடம் கம்ப்ளெய்ன்ட். நான் வழக்கம்போல லைன் ஃபால்ட்டு என்று டிக் போட்டேன். அவள் என் நோட்டைப் பார்த்துவிட்டாள். "பாக்காமலே எப்படிங்க தெரியும்?" என்றாள். பாய் என்னையும் கூட அனுப்பிவைத்தார். என் ஸ்கூட்டரில் அவள், அவள் மடியில் பெட்டி. கேம்ப் ரோடு வளைவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் "பள்ளம்" என்று நான் கத்த வேண்டும், "பள்ளம்" என்று அவள் சொல்ல வேண்டும். அப்படி ஒரு ஒப்பந்தம்.

அவர் வீட்டுக் கூடத்தில் செஸ் பலகை தயாராக இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து பக்கத்துச் சுத்து பார்த்தாள். அன்றைக்கு 'தயிர்சாதம் மாவடு'. சரியாக வந்தது. எங்கள் ஆபீஸ் மோடத்துக்கு டயல் செய்து தூரத்துச் சுத்து பார்த்தாள். மாவடுவும் பத்திரமாகத் திரும்பியது. தப்பு எத்தனை என்று எண்ணிச் சொல்லுகிற சோதனையில் சைபர். அப்புறம் அவருடைய மெயில் பெட்டியைத் திறந்து, அவருடைய நகர்த்தல்கள் ஒவ்வொன்றும் போயிருக்கிற தேதியைக் காட்டினாள். தனக்குத்தானே ஒரு மெயில் அனுப்பச் சொன்னாள். அது வந்து சேர்ந்தது.

"எல்லாமே நல்லா இருக்கு சார்" என்றாள் சந்தோஷமாக. "மோடம், லைன், மெயில், எல்லாமே சரி."

அவர் பலகையைப் பார்த்தார். "மோடம், லைன், மெயில், எல்லாமே சரி" என்று மெதுவாகச் சொன்னார். அவள் கேட்காமலே திருப்பிச் சொன்ன ஒரே கஸ்டமர் அவர்தான். "அப்ப அவன்தான் ஆடலையா? போன ஆட்டத்துல அவனோட யானையை வெட்டிட்டேன். அதுக்காகவா இருக்கும்?"

நான் வழக்கம்போல நிரப்பினேன். "ஊருக்குப் போயிருப்பார் சார், வந்ததும் ஆடுவார்." அவர் எங்களுக்குக் காப்பி கொடுத்தார். அவள் குடிக்கவில்லை.

ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். "லைன் ஃபால்ட்டுன்னே எழுதியிருக்கலாம், இல்ல?" என்றாள்.

நான் என்ன சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தாளோ. "நீங்க உங்க வேலையத்தானே செஞ்சீங்க" என்றேன்.

"போய்ச் சேந்துச்சான்னு மட்டும்தாங்க எனக்குப் பாக்கத் தெரியுது" என்றாள். "சேந்த இடத்துல என்ன ஆவுதுன்னு தெரிய மாட்டேங்குது."

திரும்பி வரும்போது நான் "பள்ளம்" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. அந்த நிமிஷம்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. சிரிப்பைப் பார்த்தபோது தொடங்கியது தொந்தரவுதான். இது வேறு.

அதற்குப் பிறகு நாலைந்து மாதம் நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஃபோனில் ஊரையே சமாளிக்கிறவனுக்குப் பத்தடி தள்ளி இருக்கிற பெஞ்ச் எட்டவில்லை. ஒரு புதன்கிழமை அவளே என் மேஜைக்கு வந்தாள். "ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வராங்க" என்றாள். "கோயமுத்தூர் மாப்பிள்ளை. வரச் சொல்லலாமா வேணாமான்னு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அப்பாகிட்ட சொல்லணும். திருப்பிச் சொல்லுங்க."

நான் திருப்பிச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை, கோயமுத்தூர், வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஒரு எழுத்துகூட விழவில்லை. "கரெக்ட்" என்று சொல்லிவிட்டு அவள் பெஞ்ச்சுக்குப் போனாள்.

இதை ஏன் என்னிடம் சொன்னாள்? லீவு எழுதுவதற்காகவா? ஞாயிற்றுக்கிழமைக்கு எதற்கு லீவு? ஆபீசில் எல்லோரிடமும் சொன்னாளா? விசாரித்தால் பாய்க்குக்கூடத் தெரியாது. வியாழக்கிழமை முழுக்க நான் எடுத்த கம்ப்ளெய்ன்ட்டுகளில் ஊர் பெயர் எல்லாம் கோயமுத்தூர் என்று எழுதிவைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். மற்ற இரண்டு பேர் வெளிவேலை. கீழே லேத் பட்டறையும் சாப்பாட்டுக்கு நின்றிருந்தது. ஆபீசில் அவளும் நானும்தான். நான் எழுந்து போய் பெஞ்ச்சுக்கு முன்னால் நின்றேன். எழுதி மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது.

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். கையில் ஒரு ஒயர் இருந்தது. அதைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு."

அவ்வளவுதான். "சரியா வந்துச்சா?" என்று அவள் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது எனக்கு உறைத்தது மறுநாள்தான். அந்த நேரத்தில் உறைக்கவில்லை. அந்த ஆபீசில் இரண்டு வருஷம், ஒரு நாளைக்கு இருபது தடவை, அவள் நான் சொன்னதைச் சொல்லியிருக்கிறாள், நான் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறேன். என் வாய் என்னைக் கேட்காமலே அதைச் சொல்லிவிட்டது.

"கரெக்ட்" என்றேன்.

அதே நேரம் என் மேஜையில் ஃபோன் அடித்தது. நான் ஓடிப்போய் எடுத்தேன். சேலையூரில் ஒரு வக்கீல் ஆபீஸ், மோடத்தில் விளக்கே எரியவில்லையாம். பிளக் போட்டிருக்கிறதா பாருங்கள் என்றேன். போடவில்லை. டிக் போட்டுவிட்டு நிமிர்ந்தால் பெஞ்ச்சில் அவள் குனிந்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாளோ என்னவோ. அதற்குள் பாய் வந்துவிட்டார். ஐந்து மணிக்கு அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு, "வரேன் டெஸ்க்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். மற்ற நாளில் 'வரேன்' என்றால் நானும் 'வரேன்' என்று சொல்லவேண்டும் என்று நிற்பாள். அன்றைக்கு நிற்கவில்லை.

திங்கட்கிழமை லட்டு கொண்டுவந்தாள். நான் இரண்டு எடுத்தேன். இரண்டையும் சாப்பிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் ஒரு மாதம் அதே அறையில் இருந்தோம். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது வெறும் சோதனை என்றால் நான் முட்டாள். பதில் என்றால் இன்னும் பெரிய முட்டாள். எந்த அளவு முட்டாள் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கோயமுத்தூர் போனாள். மோடங்களும் போயின. நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் பிராட்பேண்டும் கேமராவும் மாட்டிக்கொடுக்கிற கடை போட்டேன். கல்யாணம், ஒரு பெண். நன்றாகத்தான் இருக்கிறேன், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பெண் ஏதாவது சொல்லி நான் அவசரமாகத் தலையாட்டும்போது, நடுவில் திடீரென்று அந்த வெள்ளிக்கிழமை வந்து நிற்கும்.

போன மாதம் மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் கேமரா மாட்டப் போனேன். அசோசியேஷன் செக்ரெட்டரி தண்ணீர் லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் நில்லுங்கள் என்றார் வாட்ச்மேன். போய்ப் பார்த்தால் அவள். முடி பாதி நரைத்திருந்தது. கண்ணாடி. மற்றபடி நிற்கிற விதம் அதேதான்.

லாரிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னா மேடம், சம்ப்பு பின்னாலதான கீது? ரிவர்ஸ்லயே வந்துடவா?" என்றார்.

"ரிவர்ஸ்ல வாங்க, லெஃப்ட்ல பூந்தொட்டி இருக்கு" என்றாள். அவர் ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. லாரி ஒரு தொட்டியை நசுக்கிக்கொண்டே போனது. அவள் அதைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

அப்புறம் என்னைப் பார்த்தாள். "டெஸ்க்!" என்றாள்.

வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கம் மாற்றலாகி ஆறு வருஷம் ஆயிற்றாம். மகன் வேலைக்குப் போகிறானாம். சம்ப்பில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் இரண்டு பேரும் கொஞ்சம் கத்தித்தான் பேசினோம். நான் மனைவியைப் பற்றி, பெண்ணைப் பற்றி, கடையைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ம்ம்" என்றாள்.

"இப்பல்லாம் திருப்பிச் சொல்றதில்லையா?" என்று கேட்டேன்.

"விட்டுட்டேன். கல்யாணமான புதுசுல அவரு ரொம்ப மிரண்டுட்டாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, இப்போது கேட்காவிட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது. கேட்டுவிட்டேன். "அன்னிக்கு வெள்ளிக்கிழமை பெஞ்ச்சுல நான் ஒண்ணு சொன்னேன். நீங்களும் அதையே சொன்னீங்க. அது டெஸ்ட்டா, பதிலாங்க?"

மறந்திருப்பாள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. எதைக் கேட்கிறேன் என்று அவள் விசாரிக்கவே இல்லை.

"எனக்கே தெரியல" என்றாள். "தெரிஞ்சுக்கத்தான் சொன்னேன். என் வாயால சொன்னா எப்படி இருக்குன்னு பாக்கணும்னு தோணுச்சு. சொல்லிட்டுக் கேட்டுகிட்டே நின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க இன்னும் ஒரு நிமிஷம் சும்மா நின்னிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்க கரெக்ட்டுன்னு சொல்லிட்டு ஃபோன் எடுக்க ஓடிட்டீங்க."

லாரி காலியாகி மோட்டார் சத்தம் நின்றது. அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள். இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"பரவால்ல விடுங்க, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றேன் நான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். பிறகு, "கேமராவ எங்கெங்க மாட்டணும்னு காட்டறேன், வாங்க" என்று முன்னால் நடந்தாள்.